இருதய ஒலி கேட்ட பெரியார்

வைத்தியர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஸ்டெதாஸ்கோப் என்னும் கருவியேயாகும். சிற்றூர் மருந்தகத்திலும் பெருநகர் வைத்தியசாலையிலும் அதனைக் காணாதார் இலர். ஆயினும், ஓர் இளநங்கையின் இருதய நோயை அறியும் வழி காணாது திகைத்த ஒருவரின் உள்ளத்திலேயே அக்கருவி உதித்தது என்பதை அறிந்தோர் சிலரே. அவர் பிரான்ஸ் தேசத்து வைத்தியராகிய ரெனே லென்னக் என்பவர். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலும், அதனால் நாம் பெறும் படிப்பினையை எண்ணிப் பார்த்தலுமே இக்கட்டுரையின் நோக்கமாம்.

லென்னக் 1781ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 17ஆம் நாள், பிரான்ஸின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டனி நாட்டில், கெம்பேர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். சிறுவர்க்கு ஐந்து வயதாகும்போதே அன்னையார் காலமாயினர். தாயை இழந்த அவர், சில ஆண்டுகளுக்குப்பின் நாந்து நகரில் வைத்தியராய் விளங்கிய, தந்தையின் உடன்பிறந்தாராகிய கியோம் லென்னக்கின் இல்லத்தில் வளர்ந்தார். அக்காலத்தே பிரெஞ்சுப் புரட்சி எழுந்தது. 1793இல் நாந்து நகர் கண்ட கொடுமைகள் சொல்லுந்தரத்தன அல்ல. இரத்தம் பெருகிய அந்நகரிலேதான் லென்னக் நோயாளரைப் பேணும் தொழிலை இளமையிற் கற்கத் தொடங்கினார்.

1801இல் அவர் பாரிஸ் நகரை அடைந்தார். அங்கே நெப்போலியனுக்கு வைத்தியராயிருந்த கொர்விசார் என்னும் பேராசிரியரிடம் பயின்று, 1804இல் பட்டம் பெற்றார். கொர்விசார் இருதய நோய்களில் வல்லவர். நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக்கொண்டு உள்ளிருக்கும் குறையை ஊகிக்கும் முறையை ஆஸ்திரியா தேசத்து ஆவன்பிரக்கர் 1761இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டிருந்தார். கற்றோராற் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்த அந்நூலைக் கொர்விசார் 1808இல் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்து உலகறியச் செய்தார். ஆகவே, உடலின் உள்ளே நிகழ்வதனைச் செவியால் அறியலாம் என்னும் கருத்து லென்னக்குக்கு ஆசிரியர் தந்த செல்வமேயாம்.

1816இல் அவர் பாரிஸிலுள்ள நெக்கேர் வைத்தியசாலையில் வைத்தியராக அமர்ந்தார். அவ்வாண்டில் இருதய நோயின் குறிகளோடு ஓர் இளநங்கை அவரிடம் வந்தாள். அவள் பருத்த உடலினள். ஆதலின் கையால் தொட்டும் தட்டியும் பார்த்ததில் பயன் விளையவில்லை. நோயாளியின் மார்பின்மீது நேரே செவியை வைத்துக் கேட்கும் வழக்கம் அந்நாளில் சிறுபான்மை இருந்தது. ஆயின் இவளோ இளம்பெண். அவளது வயதும் பெண்மையும் அவ்வாறு செய்தற்கு இடந்தரவில்லை. நோயை அறியாது விடுத்தால் அவளுக்குக் கேடு. அறிய முற்பட்டால் அவளது நாணத்துக்கு இழுக்கு. இவ்விரண்டிற்குமிடையே நின்ற லென்னக்குக்கு ஓர் எளிய உண்மை நினைவுக்கு வந்தது. நீண்டதொரு மரத்தின் ஒரு முனையைக் குண்டூசியாற் கீறினால், மறுமுனையிற் செவி வைத்தோர்க்கு அவ்வொலி தெளிவாகக் கேட்கும் என்பதே அது. உடனே அவர் சில காகிதத் தாள்களை இறுகச் சுருட்டி, ஒரு முனையை நங்கையின் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். செவியை நேரே வைத்துக் கேட்டபொழுதெல்லாம் கேட்டதினும் தெளிவாக இருதயத்தின் துடிப்பு அவர்க்குக் கேட்டது. காகிதச் சுருளே பின்னர் மரக்குழலாயிற்று. ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள அக்குழலை அவரே கடைந்தார். அவர் புல்லாங்குழல் வாசிப்பதிலும் விருப்புடையவர்.

கருவியைக் கண்டதோடு அவர் அமைந்துவிடவில்லை. நோயாளர் உயிரோடிருந்தபோது கேட்ட ஒலிகளைக் குறித்துவைத்து, அவருள் இறந்தோரின் உடலை அறுத்து ஆராய்ந்து, இன்ன ஒலிக்கு இன்ன கேடு காரணம் என ஒப்பிட்டறிந்தார். மூன்றாண்டு உழைப்பின் பயனாக 1819இல் அவரது பெருநூல் இரண்டு பாகமாக வெளிவந்தது. நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் நாடவேண்டும் என்பது நம் வள்ளுவர் கொள்கை. அக்கொள்கையை அறியாத நாட்டிற் பிறந்தவரேனும் லென்னக் அதன்படியே ஒழுகினார் எனலாம். அவர் பிழையே செய்யாதவர் என்று கூறுதற்கில்லை. இருதயத்தின் இரண்டாம் ஒலி அதன் மேலறைகள் சுருங்குதலால் எழுவதென அவர் கருதினார். வால்வுகள் மூடுதலாலேயே அஃது எழுகின்றதெனப் பின்வந்தோர் தெளிந்தனர். எனினும், பின்வந்தோர் திருத்துதற்கும் அவரே வழிவகுத்தார்.

அவரது உடலோ மெலிந்தது. நூல் வெளிவந்த ஆண்டிலேயே நலிவுற்றுப் பிரிட்டனிக்கு ஏகினார். மீண்டும் பாரிஸுக்குத் திரும்பி 1822இல் பேராசிரியர் பதவி பெற்றார். நெடுநாள் தாம் ஆராய்ந்த காச நோயே இறுதியில் அவரைப் பற்றிக்கொண்டது. உறவினரும் வைத்தியருமாகிய மெரியாதெக், அவர் கண்ட கருவியாலேயே அவரது மார்பைச் சோதித்து அக்கேட்டை அறிந்தார். 1826ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13ஆம் நாள், தம் 45ஆம் வயதில், லென்னக் தாய்நாடாகிய பிரிட்டனியில் உயிர்நீத்தார்.

அவர்தம் புகழ் நிலைத்தது. ஆயின் அந்நங்கையின் பெயரைச் சரித்திரம் நமக்குத் தரவில்லை. இஃது எண்ணத்தக்கது. பெண்களின் இருதய நோய் இன்றும் பெரும்பாலும் பெயரின்றியே மறைந்து கிடக்கின்றது. இருதயமும் இரத்தக் குழாய்களும் பற்றிய நோய்களே உலகெங்கும் மாதரின் மரணத்துக்கு முதற்காரணமாய் நிற்கின்றன. அங்ஙனமிருந்தும் மாரடைப்பை ஆடவர்க்கே உரிய நோயெனப் பலர் எண்ணுகின்றனர். ஆராய்ச்சியாளரும் நெடுங்காலம் ஆடவரையே மிகுதியும் ஆராய்ந்தனர். மார்வலி இருபாலார்க்கும் பொதுவேயாயினும், மூச்சிளைப்பு, குமட்டல், என்றுமில்லாத களைப்பு, தாடையிலும் கழுத்திலும் முதுகிலும் தோன்றும் வலி ஆகியவை மாதரிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. இளமையில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இருதய வால்வுகளைச் சிதைத்துவிட்டுப் பல்லாண்டு மறைந்திருந்து, பெண் கருவுற்ற காலத்தே வெளிப்படுதலும் உண்டு. கருவுற்ற காலத்து இரத்த அழுத்தம் உயர்ந்த தாய்மார், பின்னாளிலும் இருதயத்தைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

நம் இல்லங்களிலோ, படியேறுகையில் அன்னை இளைத்து நின்றால் வேலை மிகுதி என்கின்றோம்; அவரும் அவ்வாறே கூறி அடுக்களைக்குச் செல்கின்றார். தந்தை மார்பைப் பிடித்தால் அந்நொடியே வண்டி அழைக்கின்றோம். அன்னை பிடித்தால் வாயுவென்று சுக்குக் கஷாயம் கொடுக்கின்றோம். நாணத்தால் விளைந்த தடையை லென்னக் ஒரு காகிதச் சுருளால் நீக்கினார். அசட்டையால் விளையும் தடையை நீக்குதற்குக் கருவி ஏது? நோயாளி எதிரே வந்தாலன்றி எத்துணைச் சிறந்த குழலும் ஊமையே.

ஆதலின், மாணவ மாணவியராகிய நாம் விடுமுறையில் இல்லஞ்செல்லும்போது, அன்னையரையும் பாட்டியரையும் அவர்தம் களைப்பைப் பற்றி உசாவுவோமாக. அவர் ஒன்றுமில்லை என்று மறுத்தாலும் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக. பெயரறியாத அந்நங்கை வைத்தியரை நாடி வந்ததனாலன்றோ உலகம் இக்கருவியைப் பெற்றது! அவளைப் போல நம் இல்லத்து மாதரும் வைத்தியரிடம் வரும்படி செய்தலே, லென்னக் பெரியார்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றியாகும்.