கிழங்கோடிய கோடுகள்

ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவில் யுடோப்பியா என்னும் நிலப்பகுதி உள்ளது. அதன்கண் அல்ஹால்கரா என்னுமிடத்தில், 1910ஆம் ஆண்டினை ஒட்டிப் பிறந்தவர் எமிலி காமே உங்வாரே. அன்மட்யர் என்னும் பழங்குடியினர். ஓவியப் பள்ளி எதிலும் பயின்றவரல்லர். காமே என்பது ஒரு காட்டுக் கிழங்குக் கொடியின் விதைக்குரிய பெயர். நம் உளுந்தும் பாசிப்பயறும் சேர்ந்த பேரினத்துக் கொடியே அது. மண்ணில் தோன்றும் வெடிப்பைக் கண்டு, கீழே கிழங்கு முற்றியிருத்தலை அம்மகளிர் அறிந்து அகழ்வர். இச்செய்தியை மனத்திலிருத்தாமல் அம்மையாரின் ஓவியங்களுக்குள் புக இயலாது.

வெள்ளையர் அந்நிலத்தை 1920களில் மாட்டுப் பண்ணையாக்கினர். தம் முன்னோர் மண்ணிலேயே எமிலி பண்ணையாளாகப் பணிபுரிய நேர்ந்தது. ஆயினும் மகளிர்க்கேயுரிய 'அவெல்யே' சடங்கினை அவர் கைவிட்டாரில்லை. அச்சடங்கில் மார்பிலும் தோளிலும் வண்ணக் கோடுகள் தீட்டிக்கொண்டு, நிலத்தைப் பாடி ஆடுவர். 1970களின் இறுதியில் நிலவுரிமை வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அம்மகளிர் அவ்வாடலையே தம் உரிமைக்குச் சான்றாக நிகழ்த்திக் காட்டினர். நிலம் மீண்டது. பத்திரமும் பட்டாவும் செய்யும் பணியை மேனியிலிட்ட கோடுகள் செய்தன என்பதனை நம் கவிஞர்கள் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

1977இல், மெழுகெழுதிச் சாயமேற்றும் பத்திக் கலையை அங்குள்ள மகளிருடன் சேர்ந்து கற்றார். 1988-89 கோடையில்தான் முதன்முதலாகச் சித்திரத்துணியும் தூரிகையும் அவர் கைக்கு வந்தன. அகவை எண்பதை நெருங்கிவிட்டது. எஞ்சிய எட்டாண்டுகளில் அவர் தீட்டியவை ஏறத்தாழ 3000 என மதிப்பிடுவர்.

தொடக்க கால ஓவியங்களில் கிழங்கு வேரின் கோடுகள் உண்டு. ஆனால் அவை புள்ளிகளின் கீழ் மறைந்து கிடக்கும். பின்னர்ப் புள்ளிகள் விலகக் கோடுகள் வெளிப்பட்டன. 1995இல் தீட்டிய 'பெருங்கிழங்குக் கனவு' அவற்றின் உச்சம். ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரமும் எட்டு மீட்டர் அகலமும் கொண்ட கருந்துணி. அதன்மேல் வெண்கோடுகள் வளைந்தும் பிரிந்தும் பின்னியும் முடிவின்றி ஓடுகின்றன. தரையில் விரித்த துணியில் அமர்ந்து, இரண்டே நாளில் முடித்தார் என்பர். இன்று அது மெல்போர்னிலுள்ள விக்டோரியா தேசியக் காட்சிக்கூடத்தில் உள்ளது.

திறனாய்வாளர் பலர் இதனை அரூப ஓவியம் என்றனர். மேலைநாட்டு நவீன ஓவியர்களோடு ஒப்பிட்டு வியந்தனர். புகழ்ச்சிதான், எனினும் அப்புகழ்ச்சி அவர் நிலத்தை ஓவியத்திலிருந்து பிரித்துவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இக்கோடுகள் மண்ணுக்குள் ஓடும் வேர்கள்; மண்மேல் தோன்றும் வெடிப்புகள்; ஆடும் பெண்டிர் மார்பிலிட்ட வரிகள். உருவமற்றது இதில் எது? எதை வரைகிறீர் என்று வினவியோர்க்கு, அனைத்தையுமே வரைவதாக விடையிறுத்தவர் அவர். கொடி, விதை, பல்லி, ஈமு, நாய்க்குட்டி என அடுக்கியும் காட்டினார்.

புகழோடு நெருக்கடியும் வந்தது. வணிகர்கள் துணிகளோடு வந்து குவிந்தனர். ஈட்டிய பொருளை உற்றார்க்குப் பகிர்தல் குடி வழக்காதலின், அவர் ஓய்வதற்கு வழியில்லை. 1992இல் ஆஸ்திரேலிய அரசு படைப்பாளர்க்கான நல்கை அளித்தது. மறைவுக்குப் பின் 1997 வெனிஸ் கண்காட்சியிலும், 2025இல் இலண்டன் டேட் மாடர்ன் கூடத்திலும் அவருடைய படைப்புகள் இடம்பெற்றன. 1994இல் அவர் தீட்டிய ஓர் ஓவியம் 2007இல் பத்து இலட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் விலைபோயிற்று.

1996இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அகன்ற தூரிகை ஒன்றைக் கையிலெடுத்து மூன்று நாட்களில் 24 சிறு ஓவியங்களைத் தீட்டினார். அவற்றில் கோடுகள் இல்லை. பட்டை பட்டையாகப் பூசிய நிறங்கள் மட்டுமே. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அவர் மறைந்தார்.