எமில் துர்கெய்ம்: சமூகம் சிதறாமல் இருப்பது எதனால்?

சமூகவியல் முதலாண்டுப் பாடத்தில் மூன்று பார்வைகள் கட்டாயம் வரும். சமூகம் ஓர் உடம்பு மாதிரி, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு என்பது செயல்பாட்டுவாதம். அதிகாரம் யார் கையில், அடி யார் வயிற்றில் என்று கேட்பது மார்க்ஸிடமிருந்து வந்த முரண்பாட்டுப் பார்வை. ரெண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும்போது அங்கே என்ன அர்த்தம் உருவாகுதுன்னு கவனிப்பது குறியீட்டு இடைவினைவாதம். முதல் பார்வையின் முன்னோடி பிரான்ஸின் எமில் துர்கெய்ம். பாடநூலை மட்டும் படித்தால், ஒழுங்கைத் தவிர வேறு எதையும் பார்க்காத மனுஷன் என்றுதான் தோன்றும். அவர் வாழ்க்கையோ வேறு மாதிரி.

1858-ல் லொரேன் பகுதியின் எபினால் ஊரில் பிறந்தார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவரும் ரபி எனப்படும் யூத மதகுருக்கள். பையனும் அதே வழியில் போவான் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவர் போகவில்லை, மத நம்பிக்கையையே விட்டுவிட்டார். பன்னிரண்டு வயதில் பிரஷ்யப் போர் வந்தது. பிரான்ஸ் தோற்றது, எபினாலுக்குள் ஜெர்மன் படை நுழைந்தது. தோல்விக்கு யூதர்கள்தான் காரணம் என்று பழி கிளம்பியது. அதை அவர் மறக்கவே இல்லை. வலியில் இருக்கும் சமூகம் யார் தலையிலாவது பழியைக் கட்டப் பார்க்கும் என்று பல வருஷம் கழித்து எழுதினார்.

பாரிஸின் புகழ்பெற்ற எகோல் நார்மல் கல்லூரியில் 1879-ல், மூணாவது முயற்சியில்தான் இடம் கிடைத்தது. 1887-ல் போர்தோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். சமூகவியல் என்று தனித்துறை அப்போது பிரான்ஸில் கிடையாது. ஆசிரியர்களுக்குக் கல்வியியல் நடத்திக்கொண்டே இந்தப் பாடத்தையும் உள்ளே கொண்டுவந்தார்.

அவரை உலுக்கிய கேள்வி ஒன்றுதான். பழைய கிராமத்தில் எல்லோரும் ஒரே வேலை, ஒரே நம்பிக்கை என்று இருந்ததால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நகரத்தில் ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு எண்ணம். அப்புறம் எது இவர்களைச் சேர்த்து வைக்கிறது? ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பதுதான் என்று 1893-ல் வந்த தன் நூலில் பதில் சொன்னார். பழைய கட்டு தளர்ந்து புதுக்கட்டு இறுகாத நிலையை நெறியின்மை என்றார்.

1897-ல் தற்கொலை பற்றிய நூல் வந்தது. முழுக்கத் தனிப்பட்ட துயரம் என்று எல்லோரும் நினைத்த விஷயம் அது. அக்கா மகன் மார்செல் மோஸ் சுமார் 26,000 பதிவுகளை வயது, திருமணம், பிள்ளைகள் என்று பிரித்துக் கொடுத்தார். நாட்டுக்கு நாடு விகிதம் மாறியது, ஆனால் ஒரே நாட்டுக்குள் வருஷா வருஷம் ஏறக்குறைய அப்படியே நின்றது. புராட்டஸ்டன்டுகளிடம் அதிகம், கத்தோலிக்கர்களிடம் குறைவு. பொருளாதாரம் சரிந்தால் கூடியது. ஆச்சரியம், திடீரென்று செழித்தாலும் கூடியது! அதனால் காரணம் வறுமை இல்லை, மனிதர்களைப் பிணைக்கும் கயிறு அறுந்துபோவதுதான் என்றார். எந்தச் சாவைத் தற்கொலை என்று பதிவதுங்கிறதே ஊருக்கு ஊர், மதத்துக்கு மதம் மாறுமே என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் தனிமனிதத் துயரத்துக்குச் சமூகக் காரணம் தேடும் வழக்கத்துக்கு இந்த நூல் பெரிய அடித்தளம்.

அடுத்த வருஷமே ட்ரைஃபஸ் விவகாரத்தில் நாடு ரெண்டுபட்டது. யூத ராணுவ அதிகாரி ஒருவர் மீது பொய்யான தேசத்துரோகக் குற்றச்சாட்டு. ராணுவத்தின் மரியாதைக்காக ஒரு மனிதன் பலியானால் என்ன என்று ஒரு பக்கம் கேட்டது. சமூகம்தான் பெரிது என்று சொன்னவர் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும், இல்லையா? போகவில்லை. நவீன சமூகத்தில் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சியிருக்கும் ஒரே புனிதம் தனிமனிதனின் உரிமைதான், அதை மிதித்தால் சமூகமே உடையும் என்று வாதாடினார். அவர் எழுத்தில் அதிகம் கவனிக்கப்படாத, ஆனால் மிக முக்கியமான இடம் இது. வர்க்க மோதலை அவர் போதுமான அளவு பார்க்கவில்லை என்ற விமர்சனம் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது.

1898-ல் அவர் தொடங்கிய ஆண்டிதழைச் சுற்றி ஓர் இளைஞர் படையே சேர்ந்தது. 1902-ல் சோர்போனுக்கு வந்தார். 1912-ல் மதத்தைப் பற்றிய பெருநூல். ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றியது, ஆனால் அங்கே ஒருநாளும் போனதில்லை.

பிறகு உலகப் போர். மாணவர்கள் ஒவ்வொருவராகப் போர்முனையில் செத்தார்கள். 1915-ல் ராபர்ட் ஹெர்ட்ஸ் போனார். அந்த டிசம்பரில் மொழியியல் படித்த மகன் ஆந்த்ரே பால்கன் போர்முனையில் காணாமல் போனான். சில மாதம் கழித்துத்தான் சாவு உறுதியானது. பிரான்ஸுக்காகப் பிரசுரங்கள் எழுதிக்கொண்டிருந்த அதே அப்பாவின் விசுவாசத்தை, 1916-ல் செனட்டிலேயே ஓர் உறுப்பினர் சந்தேகித்தார். எபினாலில் கேட்ட அதே பழி. ஆந்த்ரேவைப் பற்றித் தன்னிடம் யாரும் பேசக் கூடாது என்று நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். அந்த வருஷக் கடைசியில் பக்கவாதம் வந்தது. 1917 நவம்பர் 15-ல் இறந்தபோது வயது 59.

நின்றுபோன இதழை மோஸ் 1925-ல் மறுபடி கொண்டுவந்தார். முதல் இதழில் அவர் எழுதியது இறந்துபோன குருவையும் தோழர்களையும் பற்றி, அவர்கள் முடிக்காமல் விட்டுப்போன வேலைகளைப் பற்றி.