போர்க் கைதி to தளபதி அல்ல, அதற்கும் மேலே: யார் இந்த டிலனாய்?

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் வழியில், தக்கலைக்கு முன்னால் புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது உதயகிரி கோட்டை. சுமார் 90 ஏக்கர். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. உள்ளே கூரை இல்லாத ஒரு பழைய தேவாலயத்தில் அப்பா, அம்மா, மகன் என ஒரே குடும்பத்தின் கல்லறைகள் இருக்கு. அப்பாவின் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கு.

அவர்தான் யூஸ்டாச்சியஸ் டிலனாய். டச்சு கம்பெனிக்காகச் சண்டை போட வந்து, கடைசிவரை ஊர் திரும்பாதவர்.

எதற்காக வந்தார்?

மிளகுதான் காரணம். பழவேற்காடு, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் என தமிழகக் கடற்கரை நெடுக டச்சு கம்பெனி வியாபாரம் செய்த காலம் அது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் எல்லையை விரிவாக்க, கம்பெனியின் மிளகு வியாபாரத்துக்குச் சிக்கல் வந்தது. இலங்கையில் இருந்து படை கிளம்பியது. 1715-ல் பிறந்த டிலனாயும் அதில் இருந்தார்.

குளச்சலில் என்ன நடந்தது?

1741 ஆகஸ்ட்டில் டச்சுப் படை தோற்றது. வெடிமருந்துக் கிடங்கில் தீப்பிடித்தது, உதவிக்கு ஆள் வரவில்லை, சரணடைவதைத் தவிர வழியில்லை. கைதானவர்களில் டிலனாயும் ஒருவர்.

மார்த்தாண்ட வர்மா அவரைக் கொல்லவில்லை, வேலை கொடுத்தார். திருவிதாங்கூர் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி, துப்பாக்கி, பீரங்கி எல்லாம் டிலனாய் பொறுப்பு. உதயகிரி கோட்டை அவர் மேற்பார்வையில் பலப்படுத்தப்பட்டது. உள்ளேயே பீரங்கி வார்க்கும் உலையும் இயங்கியது. மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன் என்று அழைத்தார்கள்.

காயங்குளம் உட்பட பல சிற்றரசுகள் வீழ்ந்தன. 1753-ல் மாவேலிக்கரையில் டச்சு கம்பெனியே திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் போட்டு இறங்கி வந்தது. அவரை அனுப்பிவைத்த அதே கம்பெனி!

அப்போ எங்கே சிக்கல்?

வெளியே வெற்றி. ஆனா சொந்த வாழ்க்கையில் அடுத்தடுத்து இழப்பு.

முதல் அடி, நண்பர். அரண்மனை அதிகாரியான நீலகண்ட பிள்ளை, குடும்பக் கஷ்டத்தில் இருந்தபோது டிலனாய் மூலமாகத்தான் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மதம் மாறியதுதான் காரணம் என்கிறது திருச்சபை. அதை ஏற்காத வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும், நண்பரைத் தண்டித்தது டிலனாய் வேலை பார்த்த அதே அரசு. அவ்வளவு பெரிய பதவியில் தளபதி இருந்தும் நண்பர் தப்பவில்லை. அந்த அரசின் படையில்தான் டிலனாய் தொடர்ந்தார்.

இரண்டாவது அடி, மகன். அப்பா வழியில் படையில் சேர்ந்த யோஹன்னஸ், 1765-ல் களக்காட்டில் நடந்த சண்டையில் இறந்தார். வயது 20-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

கடைசியில்?

மார்த்தாண்ட வர்மா 1758-ல் மறைந்த பிறகு, அடுத்த மன்னர் தர்மராஜாவிடமும் டிலனாய் பணியாற்றினார். வடக்கு எல்லையில் அவர் மேற்பார்வையில் எழுந்த நெடுங்கோட்டை, 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தாங்கி நின்றது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

1777 ஜூன் 1-ல் இறந்தார். கைதான நாளில் இருந்து கிட்டத்தட்ட 36 வருஷம். தான் பலப்படுத்திய கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டார்.

நண்பர் தேவசகாயத்தை 2022 மே 15 அன்று வாடிகன் புனிதராக அறிவித்தது. உதயகிரிக்குப் போனால், பூங்காவைச் சுற்றிப் பார்த்த கையோடு அந்தத் தேவாலயத்துக்குள்ளும் ஒரு எட்டு போய்ப் பாருங்க.