கார்ல் நீல்சனுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவர்



1999 முதல் 2010 வரை வெளிவந்த நூறு குரோனர் தாளில் இருந்த முகம் உங்களுக்கு நினைவிருக்கும். அவர்தான் டென்மார்க்கின் பெரிய இசையமைப்பாளர் கார்ல் நீல்சன். டெனிஷ் ஆராதனைக்குப் போகிறவர்கள் அவர் அமைத்த மெட்டுகளைப் பெயர் தெரியாமலே பாடியும் இருப்பீர்கள்.

டோஸ்ட்ருப்பில் நம்மில் பலர் பிள்ளைகளைப் பியானோ பழகத் தனி ஆசிரியரின் வீட்டுக்கு அனுப்புகிறோம். அவருக்குப் பட்டம் உண்டா, பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவாரா என்றெல்லாம் விசாரிக்கிறோம். பணம் கொடுப்பவர் விசாரிக்கத்தானே வேண்டும்! ஆனாலும் இந்த மனிதர் யார் யாரிடம் பழகினார் என்பதையும் அறிந்து வைத்திருங்கள்.

1865-இல் ஃபூன் தீவில் ஓர் ஏழைக் குடும்பத்தில், பன்னிரண்டு பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தார். தகப்பன் வீடுகளுக்கு வர்ணம் பூசுபவர். ஊர் நடனங்களில் வயலினும் கொர்னெட்டும் வாசிப்பவர். கார்லுக்கு ஆறு வயதில் சின்னமுத்து கண்டது. அந்த நோயில் கண்கள் வெளிச்சத்தைத் தாங்காது. அதனால் முன்பெல்லாம் பிள்ளையை இருட்டறையில்தான் படுக்க வைப்பார்கள். தாதியாக வேலை செய்யும் எனக்கு அந்தத் தாயை நினைத்தால் மதிப்பு வருகிறது. படுக்கையில் கிடந்த பிள்ளையின் கையில் அவர் ஒரு சிறிய வயலினைக் கொடுத்தார். பியானோவைப் பிறகுதான் கண்டார். வயலினில் தேடிப் பிடிக்கவேண்டிய சுரங்கள் இதில் கண்ணுக்கு முன்னால் வரிசையாகக் கிடந்தது, அவருக்கு வாழ்நாள் முழுவதும் மறக்காத அதிசயம்.

இசையால் பிழைக்க முடியாது என்று பெற்றோர் எண்ணினார்கள். பதினான்கு வயதில் ஒரு கடையில் வேலை பழக விட்டார்கள். கடைக்காரர் சில மாதங்களில் வங்குரோத்தாகிவிட்டார்! பையன் வீடு திரும்பினான். 1879 நவம்பரில் ஓடென்ஸ நகரின் இராணுவ வாத்தியக் குழுவில் சேர்ந்து பியூகிளும் ட்ரொம்போனும் ஊதினான். ஐந்து நாளைக்கு ஒருமுறை 3 குரோனர் 45 ஓரேயும் ஒரு பாணும் சம்பளம்.

அங்கேதான் தனிப்பாடங்கள் தொடங்கின. 1881 முதல் வயலினை ஒழுங்காகப் பழகியது, ஓடென்ஸப் பேராலயத்தின் ஊழியராக இருந்த கார்ல் லார்சனிடம். பியானோவுக்கு வழிகாட்டியவர் அவுட்சென் என்ற முதியவர். மதுக்கடையில் வாசித்துப் பிழைத்தவர். மதுக்கடை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். மோட்சார்ட்டையும் பாக்கையும் அந்த இராணுவப் பையனுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். இன்று நாம் கேட்கும் கேள்விகளுக்கு அவரிடம் என்ன பதில் இருந்திருக்கும்?

1884 தொடக்கத்தில் கொப்பன்ஹேகன் இசைக் கல்லூரிக்கு வந்தார். கோர்சோரிலிருந்து தலைநகருக்கு வரும் ரயில் அன்றும் நம் டோஸ்ட்ருப் நிலையத்தின் வழியாகத்தான் போனது. யன்னலோரம் இருந்து நம் ஊரைப் பார்த்திருப்பார். கல்லூரியில் அவர் முதல்தர மாணவர் என்று பெயர் எடுக்கவில்லை.

1889-இல் அரச இசைக்குழுவில் வயலின் வாசிக்கும் வேலை கிடைத்தது. 1891-இல் சிற்பியான ஆன் மரீயை மணந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். சம்பளம் போதவில்லை. ஆகவே அவரும் தனி மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். இரவில் இசைக்குழு, பகலில் மாணவர்கள். சொந்த இசையை எழுதுவதற்கு மிச்சம் கிடைத்த நேரம்தான். ஒரு வேலை முடிந்து இன்னொன்றுக்கு ஓடும் நம் வீடுகளில் இதை விளக்கத் தேவையில்லை. 1901-இல் அரசு வருடத்துக்கு 800 குரோனர் உதவித்தொகை கொடுத்தது. பெரிய தொகை அல்ல. ஆனால் தனி மாணவர்களை விட அது போதுமாயிருந்தது. சவுலும் தாவீதும் பற்றிய அவருடைய இசை நாடகம் 1902-இல் மேடையேறியது. சிம்பனிகள் வந்தன. ஞானப்பாட்டு மெட்டுகளும் வந்தன. ஞானப்பாட்டு ஒன்றுக்குத் தாம் இட்ட மெட்டையே 1922-இல் ஐந்து காற்று வாத்தியங்களுக்கான படைப்பின் கடைசிப் பகுதிக்கு எடுத்துக்கொண்டார்.

பாடம் சொல்வதை விட்டவர், மாணவரை மறக்கவில்லை. 1930-இல், இருதய நோயாளியாக, சிறியோருக்கும் பெரியோருக்குமாகச் சிறு பியானோத் துண்டுகளின் தொகுப்பு ஒன்றை எழுதினார். கை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு கைக்கும் ஐந்து விரலுக்கு ஐந்து சுரம் மட்டும். இலகு என்று நினைக்காதீர்கள்: எல்லா மேஜர், மைனர் சுருதிகளிலும் அவை வருகின்றன, கறுப்புக் கட்டைகளில் பிள்ளைகள் திணறுவார்கள். உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், அவரிடம் அந்தப் புத்தகம் இருக்கக்கூடும்.

1931 ஒக்டோபர் 1-ஆம் திகதி, தொடர்ந்து வந்த மாரடைப்புகளால் கொப்பன்ஹேகன் அரச மருத்துவமனையில் சேர்த்தார்கள். 3-ஆம் திகதி, நள்ளிரவு கடந்து பத்து நிமிடத்தில், குடும்பத்தார் சூழ்ந்திருக்க உயிர் பிரிந்தது. வயது 66. தலைநகரின் மேற்கு மயானத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.