சாதாரண காரிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார்: எம்.ஜி.யை உருவாக்கிய செசில் கிம்பர் யார்?

மணலியில் காலை எட்டு மணிக்குச் சாலையைக் கடப்பதே ஒரு வேலை. ஒரு பக்கம் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் டேங்கர்கள், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள். அந்த நெரிசலில் எண்கோண முத்திரைக்குள் எம்.ஜி. என்று பொறித்த எஸ்யூவி ஒன்று சிக்கி நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2019-ல் இந்தியாவுக்கு வந்த பிராண்ட், பின்னால் இருப்பது சீனாவின் சாயிக் நிறுவனம். பலருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆனால் அந்த முத்திரைக்கு வயது நூறு. எம்.ஜி. என்றதும் தமிழ்நாட்டில் அடுத்து 'ஆர்' என்று வாய் தானாகச் சேர்த்துக்கொள்ளும். இது வேறு. ஆக்ஸ்போர்டில் இருந்த மோரிஸ் கராஜஸ் என்ற கார் விற்பனை, சர்வீஸ் கடையின் முதலெழுத்துகள். அங்கே மேனேஜராக இருந்த செசில் கிம்பர்தான் இந்தப் பெயரில் கூரை மடக்கும் இரண்டு சீட் கார்களை உருவாக்கினார். 60, 70 வயதான எம்.ஜி.யைச் சிலர் இன்றும் வீட்டில் இரண்டாவது காராக வைத்து ஓட்டுகிறார்கள். இவ்வளவு பழைய காரை எப்படி ஓட்ட முடிகிறது? அதற்கான பதில் கிம்பரின் பிழைப்பிலேயே இருக்கிறது.

கால் உடைந்தது, கார் வந்தது

கிம்பர் 1888 ஏப்ரல் 12-ல் லண்டனில் பிறந்தார். அப்பாவுக்கு அச்சு மை தயாரிக்கும் தொழில். குடும்பம் மான்செஸ்டர் பக்கம் குடிபெயர, பையனும் அந்தத் தொழிலில்தான் சேர்ந்தார். மனசு முழுக்க மோட்டார் சைக்கிளில். இருபதுகளின் தொடக்கத்தில் ஒரு விபத்து. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலை வரை போனது. பல ஆபரேஷன்களுக்குப் பிறகு கால் தப்பியது, ஆனால் கட்டையாகிவிட்டது. கடைசி வரை விந்தி விந்தித்தான் நடந்தார்.

விபத்துக்கு நஷ்டஈடு கிடைத்தது. அந்தப் பணத்தில் ஒரு சிங்கர் கார் வாங்கினார். பணத்தைக் குடும்பத் தொழிலில் போடு என்றார் அப்பா. மகன் மறுத்தார். அந்த ஒரு சண்டையில் பேச்சுவார்த்தை அறுந்தது, பிறகு ஒட்டவே இல்லை. நம் ஊரிலும் பைக்குக்காக அப்பாவோடு முறைத்துக்கொண்டவர்கள் உண்டு. இவ்வளவு தூரம் போனவர்கள் குறைவு.

அதன்பின் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஷெஃபீல்டில் ஒரு கார் கம்பெனி, பிறகு ஏ.சி. கார்ஸ், ஒரு விமானக் கம்பெனி, பர்மிங்காமில் கியர்பாக்ஸ் செய்யும் ரிக்லி நிறுவனம் என்று மாறிக்கொண்டே இருந்தார். 1915-ல் ஐரீனைத் திருமணம் செய்துகொண்டார், இரண்டு மகள்கள். 1921-ல் ஆக்ஸ்போர்டில் மோரிஸ் கராஜஸில் விற்பனை மேலாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பொது மேலாளர்.

கடைச் சரக்கில் கைவேலை

கடை வில்லியம் மோரிஸின் சொந்தச் சொத்து. சைக்கிள் ரிப்பேரில் தொடங்கி இங்கிலாந்தின் பெரிய கார் உற்பத்தியாளராக வளர்ந்தவர் மோரிஸ். அவருடைய கார்கள் மலிவு, உறுதி, கொஞ்சம் சப்பை. கிம்பர் அந்தக் காரையே எடுத்து, ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, ஸ்டியரிங் சாய்வை மாற்றி, மேலே அழகான பாடியை ஏற்றி விற்றார். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் மோரிஸ் கவ்லியில் இருப்பதுதான். முதலில் செய்த சில ஸ்போர்ட்ஸ் மாடல்கள் மெதுவாகத்தான் விற்றன. பிறகு சூடுபிடித்தது. 1923–24-ல் எம்.ஜி. என்ற பெயர் விளம்பரங்களில் வரத் தொடங்கியது.

1925 ஈஸ்டர் சமயத்தில், லண்டனிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனை வரை போகும் லேண்ட்ஸ் எண்ட் போட்டியில், தனக்கென்றே கட்டிய ஒரு காரை ஓட்டித் தங்கப்பதக்கம் வாங்கினார் கிம்பர். அந்தக் காரைத்தான் பிற்பாடு கம்பெனி முதல் எம்.ஜி. என்று கொண்டாடியது. கணக்குப்படி அது சரியில்லை, அதற்கு முன்பே எம்.ஜி.க்கள் விற்றாகிவிட்டது. விளம்பரத்துக்கு ஒரு நல்ல கதை தேவைப்பட்டது.

உண்மையான திருப்பம் 1928-ல் வந்தது. மோரிஸ் மைனர் என்ற குட்டிக் கார் அந்த ஆண்டு அறிமுகமானது. அதன் சேஸிஸின் மேல் மரச் சட்டத்தில் துணி போர்த்திய, படகு வால் போன்ற ஒரு லேசான பாடியை உட்காரவைத்தார் கிம்பர். 847 சிசி இன்ஜின், சுமார் 20 குதிரைத்திறன். இன்றைய 250 சிசி பைக் சிலவற்றுக்கே அதைவிட அதிக சக்தி. விலை 175 பவுண்ட். அதுவரை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம். எம்.ஜி. மிட்ஜெட் வந்ததும் மாதச் சம்பளக்காரரும் கனவு காணலாம் என்றானது. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. 3,200-க்கும் மேல் விற்றது. 1929-ல் தொழிற்சாலை பக்கத்து ஊரான அபிங்டனுக்கு, ஒரு பழைய தோல் ஆலையின் கட்டடத்துக்கு மாறியது.

பிறகு சில ஆண்டுகள் எம்.ஜி.யின் கொடிதான் பறந்தது. 1933-ல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் கே3 மாடல் அணிப் பரிசு வாங்கியது. அதே ஆண்டு வட அயர்லாந்தில் இத்தாலிய வீரர் நுவோலாரி அதே மாடலில் ஜெயித்தார்.

கடை வேறொருவருடையது

ஜெயிப்பதற்குச் செலவு ஆனது. மோரிஸ் மைனர் பாகங்களில் தொடங்கியவர், பந்தயத்துக்காகத் தனி இன்ஜின், தனி சேஸிஸ் என்று போய்விட்டார். மாடல்கள் குவிந்தன, லாபம் மெலிந்தது. 1935-ல் வில்லியம் மோரிஸ் தன் தனிச் சொத்தாக இருந்த எம்.ஜி.யைத் தன்னுடைய பெரிய நிறுவனமான மோரிஸ் மோட்டார்ஸிடம் ஒப்படைத்தார். அங்கே நிர்வாகத்தைப் பார்த்துவந்த லெனார்ட் லார்ட் பந்தயத்தை ஒரே வெட்டாக நிறுத்தினார், அபிங்டனின் டிசைன் அலுவலகத்தையும் மூடினார். கிம்பரின் நாற்காலி இருந்தது, அதிகாரம் சுருங்கியது.

அடுத்து 1936-ல் வந்த டி.ஏ. மிட்ஜெட்டில் பந்தய இன்ஜின் போய், குடும்பக் கார்களின் சாதாரண இன்ஜின் வந்தது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். லார்டை வில்லனாக வைத்தே எம்.ஜி. கதையைச் சொல்வது வழக்கம். ஆனால் இன்று பழைய எம்.ஜி. வைத்திருப்பவர்கள் அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம். கிம்பர் தொடங்கிய இடத்துக்கே, எல்லாரும் ரிப்பேர் செய்யத் தெரிந்த இன்ஜினுக்கே, காரைத் திருப்பி இழுத்துவந்தது அந்த உத்தரவுதான்.

1938-ல் ஐரீன் நோயில் இறந்தார். கிம்பர் மறுமணம் செய்துகொண்டார். 1939-ல் போர் வந்தது, கார் உற்பத்தி நின்றது. நூற்றுக்கணக்கான தொழிலாளிகளை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே என்று, ஆல்பமார்ல் என்ற போர் விமானத்தின் முன்பகுதியைச் செய்யும் வேலையைக் கிம்பர் வாங்கினார். தலைமையகத்தைக் கேட்கவில்லை. 1941 நவம்பரில் நிர்வாகம் அவரை ராஜினாமா செய்யச் சொன்னது. இருபது வருஷ உழைப்பு. கம்பெனியின் பெயர், முத்திரை, கார்களின் உருவம் எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. உரிமை இல்லை. அவர் சம்பளக்காரர்தான்.

வேறு இரண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தார். இரண்டாவது, பிஸ்டன் தயாரிக்கும் ஸ்பெஷலாய்டு. 1945 பிப்ரவரி 4, ஞாயிறு மாலை, லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் 6 மணி ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏறினார். நிலையத்தை ஒட்டிய சுரங்கத்தில், புதிதாக மாற்றிய தண்டவாளத்தில் இன்ஜின் சக்கரங்கள் வழுக்கின. ரயில் இருட்டில் பின்னோக்கி உருளத் தொடங்கியது, டிரைவருக்கு அது தெரியவே இல்லை. சிக்னல்மேன் ரயிலைக் காலி பிளாட்பாரத்துக்குத் திருப்ப முயன்றார். பெட்டி ஏற்கெனவே தடமாற்றியின் மேல் வந்துவிட்டது. கடைசிப் பெட்டி தடம்புரண்டு சிக்னல் தூணில் மோதியது. இறந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கிம்பர். வயது 56.

சில மாதங்களில் போர் முடிந்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் அபிங்டனிலிருந்து எம்.ஜி. டி.சி. வெளியே வந்தது. பெரும்பாலும் போருக்கு முன் கிம்பர் காலத்தில் செய்த காரேதான். 10,000 கார்கள் விற்றன. அதில் சுமார் 2,000 அமெரிக்கா போய், அந்த நாட்டுக்கே ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியத்தைத் தொற்றவைத்தன.

எண்ணூரில் ஒரு பங்காளி

இந்தக் கதைக்கும் மணலிக்கும் என்ன தொடர்பு? பக்கத்து ஊரான எண்ணூரில் பதில் இருக்கிறது. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய அதே நிறுவனம்தான். இங்கிலாந்தில் 1952-ல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்தன. ஏ40-ன் 1,200 சிசி இன்ஜின் வடிவமைப்பை அடிப்படையாக வைத்து பி-சீரிஸ் என்ற இன்ஜின் குடும்பம் உருவானது. 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது அதன் 1,489 சிசி வடிவம். நம் அம்பாசடரில் 1959 வாக்கில் வந்ததும் அதே 1,489 சிசி இன்ஜின்தான். பங்காளிகள்!

அதனால்தான் அம்பாசடரில் கை பழகிய வடசென்னை மெக்கானிக் ஒருவர் எம்.ஜி.ஏ.வின் பானெட்டைத் திறந்தால் அந்நியமாகத் தெரியாது. எஸ்.யூ. கார்புரேட்டர் ஒன்றுக்குப் பதில் இரண்டு இருக்கும். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி செட் செய்ய வேண்டும், மூடியைத் திறந்து அவ்வப்போது கொஞ்சம் ஆயில் விட வேண்டும். எல்லாப் பாகமும் அப்படியே மாற்றிப் போட முடியாது. ஹெட், கியர்பாக்ஸ் எல்லாம் வேறு. ஆனால் இன்ஜினின் புத்தி ஒன்றுதான்.

இன்று ஒன்றை வைத்திருந்தால்

1950-களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியதால் இந்தியாவில் எம்.ஜி.க்கள் குறைவு. கிடைத்தாலும் அது இரண்டாவது காராகத்தான் இருக்க முடியும். சட்டமும் அதையே சொல்கிறது: 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றாத வாகனத்தை 'வி.ஏ.' வரிசையில் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். அப்படிப் பதிந்ததை தினசரி ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டும்தான்.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று. எம்.ஜி.பி. மாடலில் தனி சேஸிஸ் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதிதான் பாடியைத் தாங்குகிறது. அது துருப்பிடித்தால் மேலே அடித்த பளபள பெயின்ட்டை நம்பிப் பிரயோஜனம் இல்லை. டி.சி.யின் பாடிக்குள் இருப்பதோ ஆஷ் மரச் சட்டம். நம் ஊரில் கரையானையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அரிக்கும். கார் வாரக்கணக்கில் நின்றால் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓஸ், சீல்களை எத்தனால் தாங்குபவையாக மாற்றுவது முதல் வேலை. எம்.ஜி.ஏ.விலும் ஆரம்பகால எம்.ஜி.பி.யிலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் இன்றைய காரிலிருந்து வழக்கம்போல ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தால் வேலை கெட்டுப்போகும்.

டி.சி.யில் ஒரு தனி வேடிக்கை உண்டு. மோரிஸ் இன்ஜின் தொழிற்சாலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கிளையாக இருந்தது. அதனால் போல்ட்டின் மரை மெட்ரிக். ஆனால் பிரிட்டிஷ் மெக்கானிக்கின் ஸ்பேனர் பொருந்த வேண்டுமே என்று தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். மரையும் இன்று கடையில் கிடைக்கும் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டைவிட நெருக்கம், அதை எடுத்து முறுக்கினால் மரை போச்சு. அதனால் டி.சி. ஒன்று விலைக்கு வந்தால், பேரம் பேசும்போதே பழைய போல்ட் டப்பாவும் விட்வொர்த் ஸ்பேனர் செட்டும் காரோடு சேர்த்துக் கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது.