கறிவேப்பிலையில் வாழும் பெயர்

வாளையாற்றுக்கு இப்புறமும் அப்புறமும் கறிவேப்பிலை என்றே வழங்கும் இலை, கன்னட நாட்டில் கரிபேவு என்றும், தெலுங்கு நாட்டில் கரிவேப்பாக்கு என்றும், வடபுலத்தில் கடிபத்தா என்றும் பெயர் பெறுகிறது. எல்லைதோறும் மாறும் இப்பெயர்களுக்கு அப்பால், உலகத் தாவர நூல்களில் அதற்கு முர்ராயா கோனிகி என்றொரு பெயர் உண்டு. அப்பெயரின் பிற்பாதி, சோழநாட்டுக் கடற்கரைக்கு மருத்துவராக வந்த ஒருவரைக் குறிக்கிறது.

யோகான் கெரார்டு கோனிக், 1728ஆம் ஆண்டு லிவோனியாவில் பிறந்தார். அவ்வூர்ப்பகுதி இன்று லாத்வியா நாட்டில் உள்ளது. 1757இல் அவர் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸின் மாணாக்கரானார். ஒவ்வொரு செடிக்கும் உயிரினத்துக்கும் இனப்பெயர், சிற்றினப்பெயர் என்னும் இரு சொற்களால் பெயரிடும் முறையை நிலைநிறுத்தியவர் லின்னேயஸ். அம்முறையைக் கற்ற கோனிக், டென்மார்க்கில் சில ஆண்டுகள் தங்கி, பனி சூழ்ந்த ஐசுலாந்துத் தீவின் தாவரங்களை ஆராய்ந்தார். அங்கு வளரும், விரற்கடை அளவேயான சிறு செடி ஒன்றுக்கு ஆசிரியர் தம் மாணாக்கரின் பெயரால் கோனிகியா எனப் பெயரிட்டார்.

1768ஆம் ஆண்டு கோனிக் தரங்கம்பாடியை அடைந்தார். அவ்வூர் அப்போது டேனியர் ஆட்சியில் இருந்தது. நோயாளரைக் கவனிப்பது அவர் கடமை. செடி தேடுவது அவர் வேட்கை. கடற்கரையிலும் வயல்வெளியிலும் தேடிய செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி, குறிப்பெழுதிக் கப்பலில் அனுப்பினார். கறிவேப்பிலையை நூலில் பதிந்த லின்னேயஸ், அதற்கும் மாணாக்கரின் பெயரையே சூட்டினார்.

செடிகளோடு அவர் நின்றுவிடவில்லை. தஞ்சைப் பகுதியின் கரையான் புற்றுகளை அகழ்ந்து பார்த்து அவர் எழுதிய கட்டுரை 1779இல் செருமானிய மொழியில் வெளிவந்தது. ஈசல் பிடிக்கும் முறையை அவர் கூர்ந்து நோக்கியிருந்தார். புற்றில் இரு துளைகள் இடுவர். காற்று வரும் பக்கத்துத் துளையில் புகைமூட்டி, எதிர்ப்பக்கத்துத் துளையில் பானையைப் பொருத்துவர். புகைக்கு அஞ்சிய ஈசல்கள் பானையில் வந்து விழும். பிடித்த ஈசலை மாவுடன் சேர்த்துப் பலகாரம் செய்வதையும் அவர் விடாது குறித்துள்ளார். முதல் மழையில் விளக்கொளியை நாடி ஈசல் பறப்பதைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று. ஆயினும் ஏழை மக்களின் உணவை அறிவியல் செய்தியாக மதித்து எழுதியோர் அக்காலத்தில் மிகச் சிலரே.

1774இல் கோனிக் ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். தரங்கம்பாடியின் எல்லைக்குள் அடங்கியிருந்த பயணம் அதன்பின் விரிந்தது. சென்னைக்கு வடக்கேயுள்ள மலைகளையும் இலங்கையையும் சுற்றினார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் அமர்ந்து, வாணிகப் பயனுள்ள செடிகளை நாடிச் சயாம், மலாக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்றார். ஏலம், இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை உள்ளடக்கிய குடும்பத்துச் செடிகளைப் பற்றி அவர் எழுதிய விளக்கங்கள் குறிப்பிடத்தக்கவை. அவற்றைச் சுவீடன் நாட்டு ரெட்சியசு தம் நூலில் சேர்த்து வெளியிட்டார்.

காலமெல்லாம் காடு சுற்றியவருக்கு, எழுதியவற்றைத் தொகுத்து நூலாக்க ஓய்வு கிட்டவில்லை. கல்கத்தாவை நோக்கிய பயணத்தின் இடையே வயிற்றுக்கடுப்பு நோய் கண்டது. இளம் மருத்துவரும் தாவர ஆர்வலருமான வில்லியம் ராக்ஸ்பரோ அவருக்கு மருத்துவம் பார்த்தும் பயனில்லாமற் போயிற்று. 1785ஆம் ஆண்டு சூன் திங்களில், காக்கிநாடாவை அடுத்த செகந்நாதபுரத்தில் கோனிக் உயிர் நீத்தார். தம் கையெழுத்துப் படிகள் இலண்டனிலிருந்த சர் சோசப் பாங்சைச் சேர வேண்டும் என எழுதிவைத்திருந்தார்.

அவர் கண்டறிந்த செடிகள் பலவும் பிறர் எழுதிய நூல்கள் வழியாகவே உலகுக்குத் தெரியவந்தன. அருகிலிருந்து கற்ற ராக்ஸ்பரோ, எட்டு ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்று, இந்தியத் தாவரவியலின் தந்தை எனப் போற்றப்பட்டார். கோனிக் உலர்த்தி ஒட்டிய செடிகள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.