கெல்லி துரையும் முடியாத மாளிகையும்

நான் வசிக்கும் சிம்பாங் அம்பாட் வட்டாரம் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களும் ரப்பர் தோட்டங்களும் நிறைந்திருந்த பகுதி. தெற்கே நிபோங் திபாலுக்கு அருகில், காலிடோனியா தோட்டத்தில், ராம்ஸ்டன் குடும்பத்தின் ‘99 கதவு மாளிகை’ இன்றும் சிதைந்த நிலையில் நிற்கிறது. இத்தனை பெரிய வீடுகளை யாருடைய கைகள் கட்டின என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்குத் தெளிவான விடை தரும் இடம் பக்கத்து மாநிலமான பேராக்கில், பத்து காஜாவில் இருக்கிறது. அதுதான் கெல்லி மாளிகை. மாணவர்களே, உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

அதன் சொந்தக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870-இல் ஸ்காட்லாந்தின் மோரே பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1890-இல், 20 வயதில், பொறியியலாளராக மலாயா வந்தார். காடழித்து நிலம் திருத்தும் அரசாங்கக் குத்தகைகளை எடுத்திருந்த ஆல்மா பேக்கரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அதில் கிடைத்த பணத்தைக் கொண்டு கிந்தா மாவட்டத்தில் சுமார் 1,000 ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் பயிரிட்டார். ஈயத் தொழிலிலும் இறங்கினார். மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருக, டயர் செய்ய ரப்பர் தேவைப்பட்ட காலம் அது. தோட்டத்திற்குத் தம் சொந்த ஊர்ப் பெயரையும் சேர்த்து ‘கிந்தா கெல்லாஸ்’ என்று பெயரிட்டார்.

1903-இல் ஆக்னஸை மணந்தார். அடுத்த ஆண்டு மகள் ஹெலன் பிறந்தாள். முதலில் ஒரு வீடு கட்டிக் குடியிருந்தார். 1915-இல் மகன் அந்தோணி பிறந்த வேளையில், அதனருகே இப்போது நாம் காணும் பெரிய மாளிகையைத் தொடங்கினார்.

வெளியிலிருந்து பார்த்தால் ஆறு மாடிக் கோபுரம் ஸ்காட்லாந்துக் கோட்டையை நினைவூட்டும். உள்ளே நடந்தால் குதிரை லாட வடிவ வளைவுகள் வரிசையாக வரும். அவை மூரியக் கட்டடக் கலையைச் சேர்ந்தவை. நீண்ட தாழ்வாரங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. மின்தூக்கிக்கென்று விட்ட கூண்டு வெறுமையாகவே நிற்கிறது. பூச்சு இல்லாத சுவர்களில் செங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. நான் அதிக நேரம் நின்றது அந்தச் சுவர்களின் முன்புதான்.

அந்தச் செங்கற்களை அடுக்கியவர்கள் நம்மவர்கள். மதராஸிலிருந்து சுமார் 70 தொழிலாளர்களை ஸ்மித் வரவழைத்தார். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. வேலை நடந்துகொண்டிருந்தபோது, முதல் உலகப் போரின் இறுதியில் உலகையே உலுக்கிய ஸ்பானிய நச்சுக்காய்ச்சல் இங்கும் பரவியது. கட்டுமானத் தொழிலாளர்கள் பலர் மாண்டனர். மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, துரை இசைந்து உதவினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் அந்தக் கோயில் இருக்கிறது. அதன் சிற்பங்களுக்கிடையே வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஓர் உருவம் உண்டு. அது கெல்லி துரை என்கிறார்கள்.

1926-இல் பயணம் சென்ற ஸ்மித், போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 56. அதோடு வேலை நின்றது. ஆக்னஸ் தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். மாளிகையைக் காடு மூடியது. பல பத்தாண்டுகள் கழித்தே அது சுற்றுலாத் தலமாக மாறியது.

இன்று அங்கே போகும் மாணவர்கள் பெரும்பாலும் பேய்க் கதைகளையும் சுரங்கப் பாதைகளையும் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. முதலாளியின் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றுக்கும் ஆண்டு உண்டு. கட்டியவர்களோ ‘70 பேர்’ என்ற எண்ணிக்கையாக மட்டும் நிற்கிறார்கள். துரையின் உருவத்தைத் தங்கள் கோயிலில் வைத்து நினைவுகூர்ந்தவர்கள், தங்கள் பெயரை எந்தச் சுவரிலும் எழுதிவைக்கவில்லை.

வரலாறு படிக்கும் மாணவர்கள் இதைச் சரிசெய்யலாம். உங்கள் தாத்தா, பாட்டி எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்கள், அவர்களின் பெற்றோர் தமிழகத்தின் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். பெயரோடும் ஆண்டோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.